"செட் ஆஃப்" என்றால் கிளம்புவதா, எறங்குவதா?

மணக்குடிக் காயல்:
நர்சிங் முடித்து ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கான குறிப்பில் "செட் ஆஃப்: கிளம்பு" என்று ஒரே சொல்லில் பொருள் போட்டிருக்கிறது. செட் அவுட், ஹெட் அவுட், டேக் ஆஃப், லீவ் எல்லாவற்றுக்கும் அதே "கிளம்பு"தான். அப்படியானால் "கிளம்பிட்டு இருக்கேன்" என்பதற்கு "ஐ ஆம் செட்டிங் ஆஃப்" சரியா? பின்னால் "டு" வருமா, "ஃபார்" வருமா? எந்த இடத்தில் எதைப் போட வேண்டும், எங்கே தப்பும் என்று தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

குழித்துறை ஆறு:
சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, "கிளம்பு" என்ற நம் சொல்லில் இருக்கிறது. குளிப்பது, உடுப்பது, தலை சீவுவது, பையில் சாமான் வைப்பது, கதவைப் பூட்டி நடையிறங்குவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். "பிள்ளை கிளம்பிட்டு இருக்கா" என்றால் அவள் இன்னும் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறாள். "கிளம்பியாச்சு" என்றால் உடுத்தாச்சு என்றும் கொள்ளலாம், வீட்டை விட்டாச்சு என்றும் கொள்ளலாம். கேட்பவர் குரலை வைத்துப் புரிந்துகொள்வார்.

செட் ஆஃப் அப்படி நீளாது. பயணம் தொடங்குகிற அந்தக் கணம் மட்டுமே அது. வண்டி உருள வேண்டும், அல்லது கால் நடக்க வேண்டும். உடுப்பது அதற்குள் வராது.

இதற்குப் பொருத்தமான சொல் நம்மிடமே உண்டு. குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் போனில் "எறங்கியாச்சா?" என்று கேட்பார்கள். வீட்டை விட்டு வெளியே வந்தாச்சா என்பதுதான் கேள்வி. எல்லைக்கு அந்தப்புறம் மலையாளத்திலும் இதே வினைதான், இதே பொருள்தான். பிள்ளைகளுக்கு "செட் ஆஃப் என்றால் கிளம்பு" என்று சொல்வதைவிட "செட் ஆஃப் என்றால் எறங்கு" என்று சொல்லிக்கொடுங்கள், பாதித் தவறு தானே போய்விடும்.

ஒரே "கிளம்பு" ஆங்கிலத்தில் நான்காகப் பிரிவதைப் பாருங்கள். உடுத்துக்கொண்டிருந்தால் "ஐ ஆம் கெட்டிங் ரெடி." செருப்பை மாட்டிவிட்டு வாசலில் நின்றால் "ஐ ஆம் அபவுட் டு செட் ஆஃப்." இப்போதுதான் நடையிறங்கியிருந்தால் "ஐ ஹாவ் ஜஸ்ட் செட் ஆஃப்." பார்வதிபுரம் தாண்டிவிட்டால் "ஐ ஆம் ஆன் மை வே." நீங்கள் கேட்ட "ஐ ஆம் செட்டிங் ஆஃப்" இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கிறது: இந்த நிமிடம் இறங்குகிறேன் என்று பொருள். இன்னும் குளிக்கவே போகாதவர் இதைச் சொன்னால் இலக்கணம் சரி, செய்தி பொய். எதிர்முனையில் இருப்பவர் அந்த நிமிடத்திலிருந்து மணியை எண்ணத் தொடங்குவார்.

இதே வாக்கியத்தில் நேரத்தைச் சேர்த்தால் அது திட்டமாகிவிடும். "வீ ஆர் செட்டிங் ஆஃப் அட் ஃபைவ் டுமாரோ" என்றால் நாளை 5 மணிக்குப் புறப்படுவதாக முடிவு செய்திருக்கிறோம். இதற்கு "வில்" வேண்டியதில்லை.

தோவாளைப்பூ:
அண்ணாச்சி சொன்னதோடு வேற்றுமை உருபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நாம் "நாகர்கோவிலுக்கு" என்கிறோம். அந்தக் "கு" வந்த உடனே கை தானாக "டு" எழுதிவிடும். செட் ஆஃப் பின்னால் ஊர்ப்பெயர் வந்தால் "ஃபார்" போடுங்கள்: "வீ செட் ஆஃப் ஃபார் நாகர்கோவில்." "டு" வருவது வினைக்கு முன்னால், எதற்காக என்று சொல்லும்போது: "வீ செட் ஆஃப் டு சீ த சன்ரைஸ்." தொடங்கும் இடத்துக்கு "ஃப்ரம்". பயணம் என்ற சொல்லே பின்னால் வந்தால் "ஆன்": "செட் ஆஃப் ஆன் அ ட்ரிப்." வீட்டுக்குத் திரும்புவதென்றால் "செட் ஆஃப் ஹோம்" போதும், நடுவில் ஒன்றும் வேண்டாம், "ஃபார் ஹோம்" என்றாலும் தவறில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் "ஃபார் வொர்க்", "ஃபார் ஸ்கூல்". "த" போடக்கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து "லீவ்" என்ற சொல்லில் இருக்கிறது. "ஷி லெஃப்ட் நாகர்கோவில்" என்றால் நாகர்கோவிலை விட்டுப் போனாள். "ஷி லெஃப்ட் ஃபார் நாகர்கோவில்" என்றால் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டாள். ஒரு "ஃபார்" விட்டுப்போனால் திசையே தலைகீழ். தமிழில் இந்த வேலையை "ஐ" உருபும் "கு" உருபும் செய்வதால் நமக்குக் குழப்பமே வருவதில்லை, அதனால்தான் ஆங்கிலத்தில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். "ஐ ஆம் லீவிங் டு சென்னை" என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. எல்லோருக்கும் புரியும், ஆனால் தேர்வில் அது தவறு.

இன்னொன்று, "லெஃப்ட் ஃப்ரம் ஹோம்" வேண்டாம், "லெஃப்ட் ஹோம்" போதும். பஸ் எங்கிருந்து புறப்படும் என்று இடத்தைச் சுட்டும்போது மட்டும் ஃப்ரம் சரி: "த தக்கலை பஸ் லீவ்ஸ் ஃப்ரம் வடசேரி."

மணக்குடிக் காயல்:
ரொம்பத் தெளிவு, அக்கா. ஒரு சந்தேகம். அகராதியில் செட் ஆஃப் என்பதற்கு வெடி வெடிப்பது, அலாரம் அடிப்பது என்றும் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வடசேரி சந்தை:
பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "தே செட் ஆஃப்" என்று நின்றால், அல்லது அடுத்து ஃபார், ஃப்ரம், ஆன், அட் போன்ற ஒரு சொல் வந்தால், பயணம். நேராக ஒரு பெயர்ச்சொல் வந்தால் அதைத் தூண்டிவிட்டார்கள் என்று பொருள்: "தே செட் ஆஃப் த அலாரம்." வெடி, வாணவேடிக்கை, அலாரம், கலவரம், ஒருவருக்கு வரும் இருமல் எல்லாம் இதில் அடங்கும்.

ஆகவே "ஐ செட் ஆஃப் த ஹவுஸ் அட் சிக்ஸ்" என்று எழுதினால், 6 மணிக்கு வீட்டை வெடிக்க வைத்தேன் என்கிற மாதிரி ஆகிவிடும். வீட்டை விட்டு என்று நாம் சொல்லிப் பழகியதால் வரும் தவறு இது. "ஐ லெஃப்ட் த ஹவுஸ்" அல்லது "ஐ செட் ஆஃப் ஃப்ரம் த ஹவுஸ்."

தூண்டிவிடும் பொருளில் இரண்டு சொல்லையும் பிரிக்கலாம். "செட் த அலாரம் ஆஃப்" சரி. "அது" என்று சுட்டினால் பிரித்தே ஆக வேண்டும்: "செட் இட் ஆஃப்." பயணப் பொருளில் நடுவில் எதையும் செருக முடியாது.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு மூன்றாவது செட் ஆஃப் ஒன்று உண்டு: ஒரு தொழிலின் நட்டத்தை இன்னொரு வருமானத்தில் கழித்துக்கொள்வது. வருமான வரியில் புழங்கும் சொல் அது. பெயர்ச்சொல்லாக வரும்போது நடுவில் சிறு கோடு போடுவார்கள். பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செட் என்பது மூன்று வடிவத்திலும் செட்தான், "செட்டட்" கிடையாது. அதனால் "தே செட் ஆஃப் அட் ஃபைவ்" என்பது தினமும் நடப்பதா நேற்று நடந்ததா என்று வாக்கியம் தனியாகச் சொல்லாது. "யெஸ்டர்டே" அல்லது "எவ்ரி மார்னிங்" என்று ஒரு சொல் வேண்டும். அவன், அவள், பஸ் என்று ஒருமையாக இருந்தால் கவலை இல்லை: தினமும் என்றால் "செட்ஸ்", நேற்று என்றால் "செட்". இங் சேர்க்கும்போது எழுத்தில் டி இரண்டு.

எழுத்தில் இன்னொரு பிழை: ஆஃப் என்பதில் எஃப் எழுத்து இரண்டு. ஒன்று மட்டும் எழுதினால் வேறு சொல்லாகி, "ஒரு தொகுதி" என்ற பொருளில் போய் நிற்கும். "அ செட் ஆவ் ப்ளேட்ஸ்" என்றால் ஒரு செட் தட்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் ஆஃப் ஆகவும், அழுத்தாத வடிவம் ஆவ் ஆகவும் பிற்பாடு பிரிந்தன. இன்றைக்கும் உச்சரிப்பில் அந்த வேற்றுமை இருக்கிறது. விலகல், பிரிவு என்ற பொருளைத் தாங்குவது ஆஃப். எனவே "செட் ஆஃப்" சொல்லும்போது அழுத்தம் ஆஃப் மீது விழ வேண்டும், செட் மீது அல்ல. செட்டில் உள்ள ட் ஆஃபோடு ஒட்டி "செ-டாஃப்" என்று காதில் விழும். லிசனிங் தேர்வில் இப்படிக் கேட்டுப் பழகாத பிள்ளைகள் இதை ஏதோ புதுச்சொல் என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுவார்கள், அதற்குள் அடுத்த கேள்வியும் போய்விடும்.

குழித்துறை ஆறு:
செட் அவுட் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டும் புறப்படுவதுதான், ஆனால் செட் அவுட்டில் நோக்கமும் தூரமும் கொஞ்சம் கூடும். சற்று எழுத்து நடை. நம் மாவட்டத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டு தருகிறேன்.

நவராத்திரிக்கு வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதி ஆகிய திருமேனிகள் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும். முறைப்படி, ஒரு காரியத்துக்காக, பெரிய பயணமாகப் புறப்படுவது. இதற்கு "த ப்ரொசெஷன் செட்ஸ் அவுட் ஃப்ரம் பத்மநாபபுரம்" என்றால் கச்சிதமாக இருக்கும்.

மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் முஞ்சிறை திருமலையில் தொடங்கி 12 கோவில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். 100 கி.மீ.க்கு மேல் வரும். "கோவிந்தா, கோபாலா" என்று கூவி ஓட்டம் தொடங்கும் அந்தக் கணத்தைச் சொல்ல "த ரன்னர்ஸ் செட் ஆஃப் ஃப்ரம் முஞ்சிறை" பொருத்தம். அங்கே அசைவு முக்கியம். 12 கோவிலையும் முடிக்க வேண்டும் என்ற உறுதியைச் சொல்ல வேண்டுமானால் "தே செட் அவுட் டு விசிட் ஆல் ட்வெல்வ்." செட் அவுட் பின்னால் "டு" வந்து வினை வந்தால், பயணமே இல்லாமல் வெறும் குறிக்கோளாகவும் ஆகும். "திஸ் எஸ்ஸே செட்ஸ் அவுட் டு ஷோ" என்று கட்டுரையில் எழுதுவது அதுதான். செட் ஆஃப் அப்படி வராது.

செட் அவுட் செயப்படுபொருளோடு வந்தால் பொருள்களைப் பரப்பி வைப்பது, விவரத்தை வரிசைப்படுத்திச் சொல்வது.

ஹெட் அவுட் பேச்சு வழக்கு. இருக்கிற இடத்தை விட்டு வெளியே போவதில்தான் அதன் அழுத்தம், எங்கே போகிறோம் என்பது சொல்லாமலும் விடலாம். செட் ஆஃப் பிரிட்டிஷ் பேச்சில் கூடுதலாகக் கேட்கும், அமெரிக்கர்கள் அந்த இடத்தில் ஹெட் அவுட், லீவ், டேக் ஆஃப் என்பார்கள். "ஹெட் ஃபார்" என்பது புறப்படுவதே அல்ல, ஒரு திசை நோக்கிப் போய்க்கொண்டிருப்பது. "ஹெட் ஆஃப்" தனியாக நின்றால் புறப்படு. செயப்படுபொருள் வந்தால் முன்னே போய் மறித்துத் தடு.

சின்னமுட்டம்:
கடலுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையை விட்டுப் படகு ஆழக்கடலுக்குப் போவது "புட் அவுட் டு சீ". துறைமுகத்தில் கட்டியிருக்கும் கயிறை அவிழ்த்து விடுவது "காஸ்ட் ஆஃப்". புறப்பாட்டின் முதல் வேலை அது, பயணம் முழுவதையும் குறிக்காது. "செட் செய்ல்" என்பதில் பாய் என்ற சொல் இருந்தாலும் இன்று எஞ்சின் படகுக்கும் கப்பலுக்கும் சொல்கிறார்கள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் எதுவானாலும் "த போட் புட் அவுட் டு சீ ஃப்ரம் குளச்சல் அட் ஃபோர்" என்று எழுதலாம். "புட்" கூட "செட்" போலத்தான், இறந்தகாலத்தில் மாறாது.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகுக்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம். குறித்த இடத்துக்குப் போய்த் திரும்பும் படகு அது, "த ஃபெரி லீவ்ஸ் த ஜெட்டி" போதும். ரயிலுக்கு "புல் அவுட்": "த ட்ரெய்ன் புல்ட் அவுட் ஆஃப் நாகர்கோவில் ஜங்ஷன்", அதாவது பெட்டிகள் மெல்ல நகர்ந்து நடைமேடையை விட்டு வெளியேறுவது.

விமானத்துக்கு டேக் ஆஃப் அதன் நேர்ப்பொருளில் வரும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் டேக் ஆஃப் நேரம் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம் அது. சக்கரம் தரையை விட்டு எழும்புவது அதற்கு அப்புறம்தான். மனிதருக்கு "ஹி டுக் ஆஃப்" என்றால் சட்டென்று, பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். மரியாதையான கடிதத்தில் இதை எழுதாதீர்கள்.

தோவாளைப்பூ:
நர்சிங் பிள்ளைகள் என்று சொன்னதால் மருத்துவமனைக்குள் வரும் "போவது" பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கே பிழை வந்தால் கேட்பவர் மனம் பதறும்.

நோயாளி வீட்டுக்குப் போனார் என்பதற்கு "ஷி வாஸ் டிஸ்சார்ஜ்ட்." இதையே "ஷி டிஸ்சார்ஜ்ட் ஹர்செல்ஃப்" என்று எழுதினால் டாக்டர் சொல்லைக் கேட்காமல் தானே போய்விட்டார் என்று பொருள். குறிப்பேட்டில் இந்த வேறுபாடு மிக முக்கியம். உறவினர் வந்து கேட்கும்போது "ஷி ஹாஸ் லெஃப்ட் அஸ்" என்றோ "ஷி இஸ் கான்" என்றோ ஒருபோதும் சொல்லக்கூடாது, அவை இறப்பை மென்மையாகச் சொல்லும் வழிகள். "ஷி ஹாஸ் கான் ஹோம்" என்று வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழிலும் "போயிட்டாங்க" என்று அந்த வராந்தாவில் யாரும் சொல்வதில்லையே, அதே கவனம்தான்.

வேலை நேரம் முடிந்து போவது "கெட் ஆஃப்": "ஐ கெட் ஆஃப் அட் எய்ட்." அதற்கு முன் அடுத்த நர்ஸிடம் விவரம் ஒப்படைப்பது "ஹேண்ட் ஓவர்". நாளைக்கு லீவு என்பதற்கு "ஐ ஆம் ஆன் லீவ் டுமாரோ." "ஐ ஆம் லீவிங் டுமாரோ" என்றால் நாளையோடு வேலையை விடுவதாகவும் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னும் இரண்டு. வழியனுப்புவது "சீ ஆஃப்". ஆளின் பெயர் நடுவில் வர வேண்டும்: "வீ சா ஹிம் ஆஃப் அட் த ஸ்டேஷன்." "சா ஆஃப்" என்று சேர்த்துப் பின்னால் ஒரு பொருள் வந்தால் ரம்பத்தால் அறுப்பது என்ற வேறு வினையாகிவிடும். "வீ சென்ட் ஹிம் ஆஃப்" என்று நாம் சொல்வது, பந்து விளையாட்டு தெரிந்தவர் காதில் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றியதாக விழும். தூத்தூர் கரையில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். விழாவாக நடத்தும் பிரிவுபசாரம் மட்டும் பெயர்ச்சொல்லாக "சென்ட்-ஆஃப்".

பஸ், ரயில், பைக் இவற்றிலிருந்து இறங்குவது "கெட் ஆஃப்". கார், ஆட்டோ என்றால் "கெட் அவுட் ஆஃப்". நிமிர்ந்து நின்று நடக்க இடமுள்ள வண்டி, அல்லது மேலே ஏறி உட்காரும் வண்டி என்றால் ஆஃப். குனிந்து நுழையும் வண்டி என்றால் அவுட் ஆஃப். "பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டுட்டு வாறேன்" என்பதற்கு லீவ் வேண்டாம், "ஐ வில் ட்ராப் யூ ஆஃப் அட் த பஸ் ஸ்டாண்ட்."

மணக்குடிக் காயல்:
கடைசியாக ஒன்று. விடைபெறும்போது நாம் "வாறேன்" என்போம், "போறேன்" சொல்ல மாட்டோம். அதை எப்படிச் சொல்வது? "ஐ ஆம் கமிங்" என்று சிலர் சொல்கிறார்களே?

குழித்துறை ஆறு:
"ஐ ஆம் கமிங்" சொன்னால் உங்களிடம் வந்துகொண்டிருப்பதாகப் புரிந்துகொள்வார்கள். அதைச் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "ஐ வில் கோ அண்ட் கம்" அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் ஏதோ எடுத்துவரப் போகிறார் என்று காத்திருப்பார்கள். நண்பர்களிடம் "ஐ ஆம் ஆஃப்", கொஞ்சம் மரியாதையாக "ஐ ஹாட் பெட்டர் பி ஆஃப்" அல்லது "ஐ ஷுட் பி கோயிங்." திரும்பி வருவேன் என்ற நம் உணர்வையும் சேர்க்க வேண்டுமானால் "சீ யூ சூன்." போவதைச் சொல்லாமல் வருவதைச் சொல்லும் நம் அழகு அதில்தான் கொஞ்சமாவது மிஞ்சும்.

ஆஃப் சேர்ந்த எல்லாம் நல்ல சொல்லும் அல்ல. "க்ளியர் ஆஃப்", "புஷ் ஆஃப்", "பி ஆஃப் வித் யூ" மூன்றும் விரட்டுவது. "ஷால் வீ புஷ் ஆஃப்?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டால் தவறில்லை, இன்னொருவரைப் பார்த்துச் சொன்னால் "ஓடிப் போ"தான்.

வடசேரி சந்தை:
கன்னியாகுமரி லாட்ஜ்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒன்று. அறையைக் காலி செய்வது "செக் அவுட் ஆஃப் த ஹோட்டல்". நடுவில் அந்த "ஆஃப்" விட்டுப்போய் "செக் அவுட் த ஹோட்டல்" ஆனால், அந்த ஹோட்டல் எப்படி என்று போய்ப் பார் என்று பொருள். இந்த இடத்தில் வருவது ஒரே எஃப் உள்ள சொல், மேலே சொன்ன ஆஃப் இல்லை. "புல் அவுட் ஆஃப்", "கெட் அவுட் ஆஃப்" இரண்டிலும் அதே ஒற்றை எஃப்தான்.

மணக்குடிக் காயல்:
இதைச் சரிபாருங்கள்: "மை சிஸ்டர் ஹாஸ் செட் ஆஃப் டு திருவனந்தபுரம் ஃப்ரம் ஹோம், அண்ட் ஹர் ஃப்ளைட் டேக்ஸ் ஆஃப் அட் நைன்."

தோவாளைப்பூ:
"டு" எடுத்துவிட்டு "ஃபார்". "ஃப்ரம் ஹோம்" தேவையில்லை, செட் ஆஃப் என்றாலே அது அடங்கிவிடும். 9 என்பது டிக்கெட்டில் உள்ள நேரமானால் "லீவ்ஸ் அட் நைன்" என்று மாற்றுங்கள். "ஹாஸ் செட் ஆஃப்" சரி, ஆனால் பிள்ளை உண்மையில் எறங்கியாச்சா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். இன்னும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றால் "இஸ் கெட்டிங் ரெடி."